பேசின்ல கை கழுவின கதை

நான் குடியிருக்கிற ஊர் பேரே பேசின். முழுப்பேரு 'த பேசின்'. மெல்போர்னுக்குக் கிழக்கே, டாண்டினாங் மலை அடிவாரத்துல ஒரு குட்டி சபர்ப். (டாண்டினாங்னு சொன்னதும் தோசை, கொத்து ரொட்டி, நகைக்கடைன்னு கிளம்பிடாதீங்க. அது டாண்டினாங் டவுன். இது மலை. ரெண்டுக்கும் நடுவுல நல்ல தூரம். நானே வந்த புதுசுல ஏமாந்து, வாடகைக்கு ரூம் பிடிச்சப்புறம்தான் மேப்பை ஒழுங்கா பார்த்தேன்.) சென்னைக்காரங்களுக்கு பேசின் பிரிட்ஜ் ஞாபகம் வரும். எங்க திருப்பூர்ல பேசின்னா சாப்ட்டுட்டு கை கழுவுற இடம், அவ்வளவுதான். கை கழுவறதைப் பத்திப் பதிவு போட இதைவிட ராசியான ஊர் அமையுமா சொல்லுங்க :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. மாஸ்டர்ஸ் படிக்கிறேன், அதுவும் மருத்துவத்துக்கு சம்பந்தமே இல்லாத படிப்பு. கை வெடிச்சு ரத்தம் வந்த கடுப்புல தேடித் தேடிப் படிச்சதும், விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டதும்தான் இங்க இருக்கு. உங்க கைக்கு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.

சரி, கொசுவத்தியைச் சுத்துறேன்.

படிப்புக்கு நடுவுல ஒரு முதியோர் இல்லத்துல கிச்சன் வேலை பாக்கிறேன். எந்த இல்லம்னெல்லாம் கேட்காதீங்க. ஸ்டூடண்ட் விசாவுல ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம்னு 2023 ஜூலையிலேர்ந்து கணக்கு. அந்த 48-ல ஒரு மணி நேரம் குறைஞ்சாலும் வாடகையில இடிக்கும். வேலை என்னன்னா, பாத்திரம் கழுவணும், காய் நறுக்கணும், அப்புறம் தட்டுகளை டிராலியில வெச்சு ஒவ்வொரு ரூமா கொண்டுபோய் தாத்தா பாட்டிகளுக்குக் கொடுக்கணும். கிச்சனுக்குள்ள சோப்பும் தண்ணியும். காரிடார்ல ஒவ்வொரு கதவு பக்கத்துலயும் சானிடைசர் பம்ப். கிச்சன்ல கை கழுவி, துடைச்சும் துடைக்காம வெளிய வந்து, உடனே ஒரு அமுக்கு. அடுத்த ரூம், இன்னொரு அமுக்கு. ஒரு ஷிஃப்டுல எத்தனை தடவைன்னு ஒருநாள் எண்ண ஆரம்பிச்சேன், 40 தாண்டினதும் விட்டுட்டேன்.

ஜூன் மாசம் இங்க குளிர்காலம். மலை அடிவாரம்னால சிட்டியைவிட கொஞ்சம் கூடவே குளிரும். வீட்டுக்குள்ள ஹீட்டர் போட்டா காத்துல இருக்கிற கொஞ்சநஞ்ச ஈரமும் காணாமப் போயிடும். மூணாவது வாரத்துல விரல் மடிப்புல தோல் சொரசொரன்னு ஆச்சு. அப்புறம் சிவந்தது. அப்புறம் மோதிர விரல் கணுவுல கோடு கோடா வெடிச்சு, சானிடைசர் பட்டதும் மொளகாப்பொடி தூவின மாதிரி ஒரு எரிச்சல்.

இனிமே சொல்லப்போறதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எழுதிடறேன்.

நான் நடிக்க ஆரம்பிச்சேன். பம்புக்குக் கீழ கையைக் கொண்டுபோவேன், அமுக்கற மாதிரி பண்ணுவேன், ரெண்டு கையையும் தேய்ச்சுக்கிட்டே ரூமுக்குள்ள போயிடுவேன். யாராவது பார்த்தா நல்ல பையன், ஒழுங்கா கை சுத்தம் பண்றான்னு நினைப்பாங்க. உள்ள படுத்திருக்கிறவங்களுக்கு 85, 90 வயசு. ஒரு பாட்டிக்கு ஸ்பூனை நானே கையில பிடிக்க வெச்சு விடணும். அந்தக் கையாலதான் பண்ணினேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, ஒன்றரை வாரம்.

ஏன் சூப்பர்வைசர்கிட்ட சொல்லலைன்னு கேட்பீங்க. கையில புண்ணு இருக்கிறவனை சாப்பாட்டுப் பக்கம் விடமாட்டாங்க. விடவும் கூடாது, அது நியாயம்தான். ஆனா எனக்கு நிரந்தர வேலை இல்லை, கேஷுவல். ரோஸ்டர்ல பேர் போடலைன்னா காரணம்கூட சொல்ல வேண்டியதில்லை. கூட வேலை பார்க்கிற நேபாளிப் பையன்கிட்ட காட்டினேன். அவன் தன் கையைத் திருப்பிக் காட்டினான். என்னோடதைவிட மோசம்! "கிளவுஸைப் போட்டுக்க, யாருக்கும் தெரியாது"ன்னான். நாங்க ரெண்டு பேரும் ஏதோ திருட்டுத்தனம் பண்ணவங்க மாதிரி சிரிச்சுக்கிட்டோம்.

மாட்டிவிட்டது ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. அங்க ரெஜிஸ்டர்ட் நர்ஸ், இந்த நாட்டுக்கு வந்து 20 வருஷத்துக்கு மேல ஆகுது. டீ ரூம்ல கப்பை நீட்டினப்போ கையைப் பார்த்துட்டாங்க.

"தம்பி, உதென்ன உங்கட கை இப்பிடிக் கிடக்கு?"

"சானிடைசர் அக்கா. கெமிக்கல் ஒத்துக்கலை போல. அதான் இப்ப சோப்பு மட்டும் போட்டுக் கழுவறேன்."

"ஐயோ, மாறிச் செய்யிறியள்!"

அவங்க சொன்னதைக் கேட்டப்புறம்தான் நான் நம்பிட்டு இருந்தது மொத்தமும் தலைகீழ்னு தெரிஞ்சது. இந்தப் பதிவே அதுக்காகத்தான். ஏன்னா நான் பேசிப் பார்த்த அத்தனை ஸ்டூடண்ட்ஸும், ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்களும் இதையேதான் நம்பறாங்க. சானிடைசர்னா கெமிக்கல், தோலை அரிச்சிடும். சோப்பும் தண்ணியும்னா இயற்கை, அது ஒண்ணும் பண்ணாது.

நிஜம் என்னன்னா, தோலோட மேல் அடுக்கை ஒரு செங்கல் சுவர்னு வெச்சுக்கங்க. செத்துப்போன செல்கள் செங்கல், நடுவுல இருக்கிற கொழுப்புதான் சிமெண்ட் கலவை. உள்ள இருக்கிற ஈரத்தை வெளிய விடாம பிடிச்சு வைக்கிறதும், வெளிய இருக்கிறதை உள்ள விடாம தடுக்கிறதும் அந்தக் கலவைதான். சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கத்தானே இருக்கு? தட்டுல இருக்கிற பிசுக்கு எது, தோல்ல இருக்கிற கொழுப்பு எதுன்னு அதுக்கு வித்தியாசம் தெரியாது. ரெண்டையும் கரைச்சுத் தண்ணியோட அனுப்பிடும். சாதாரண தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, பி.ஹெச் 5 வாக்குல. கட்டி சோப்பு 9, 10. வெந்நீர் சேர்ந்தா இன்னும் மோசம். ஆல்கஹாலும் அந்தக் கொழுப்பைக் கலைக்கத்தான் செய்யுது. ஆனா கழுவி ஊத்தறதில்லையே? ஆல்கஹால் ஆவியானதும் கொழுப்பு கையிலேயே கிடக்கும். நர்ஸ்களை வெச்சுப் பல நாடுகள்ல பண்ணின ஆய்வுகள்லயும் சோப்பு போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவறதுதான் ஆல்கஹால் தேய்க்கிறதைவிடத் தோலை அதிகம் கெடுக்குதுன்னு வந்திருக்கு.

அப்ப எரியறது? அக்கா சொன்னது: "எரியுதெண்டா தோல் ஏற்கனவே வெடிச்சிட்டுது எண்டுதான் அர்த்தம். வெடிக்க வச்சது வேற ஆள். எரிய வைக்கிறவர் மாட்டுப்படுறார்." ஆல்கஹாலுக்கே உண்மையான அலர்ஜி இருக்கிறது ரொம்ப அபூர்வமாம். எரிச்சலைப் பார்த்துட்டு சானிடைசரை விட்டு சோப்புக்குத் தாவறது, தாவினதும் இன்னும் வெடிக்கிறது. நான் மாட்டினது இந்தச் சுழல்லதான்.

நான் பண்ணின இன்னொரு தப்பு, சோப்பு போட்ட ஈரக் கையிலேயே சானிடைசர் தேய்ச்சது. ஒண்ணு பண்ணினா உடனே இன்னொண்ணு தேவையில்லைன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. கை அழுக்காவோ பிசுக்காவோ இருந்தா சோப்பு. பார்க்க சுத்தமா இருந்தா ஆல்கஹால். கிச்சனுக்குள்ள சாப்பாட்டைத் தொடறவன் சோப்பும் தண்ணியும் போட்டுத்தான் ஆகணும், அதுல சலுகை கிடையாது. வயித்துப்போக்கு, வாந்தி பரவற நேரத்துலயும் சோப்புதான், ஏன்னா நோரோவைரஸ்கிட்ட ஆல்கஹால் அவ்வளவா பலிக்காது. மத்தபடி காரிடார்ல நடக்கும்போது ஆல்கஹால் போதும்.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. ஆல்கஹால் தேய்ச்சா உயிர் பிழைக்கும்னு ஒரு ஆஸ்பத்திரி முழுசையும் பழக்கி, கணக்கோட காட்டினவங்கள்ல முக்கியமானவங்க இதே மெல்போர்ன்காரங்கதான். ஹைடல்பர்க்ல இருக்கிற ஆஸ்டின் ஆஸ்பத்திரி. பல ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத எம்.ஆர்.எஸ்.ஏ.ங்கிற கிருமி அங்க ரொம்ப நாளா குடியிருந்தது. குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹாலைக் கட்டிலுக்குக் கட்டில் வெச்சு, ஊழியர்களைப் பழக்கினாங்க. 2005-ல ஆஸ்திரேலிய மருத்துவ இதழ்ல முடிவு வந்தது. கை சுத்தம் பண்ண வேண்டிய நேரத்துல நிஜமாவே பண்ணினவங்க 21 சதவீதத்துலேர்ந்து 42 சதவீதம் ஆனாங்க. ரத்தத்துல அந்தக் கிருமி ஏறின நோயாளிகள் எண்ணிக்கை பாதிக்கு மேல குறைஞ்சது. அப்புறம் விக்டோரியா முழுக்க, அதுக்கப்புறம் நாடு முழுக்க அதைக் கொண்டுபோனாங்க. இதை முன்னால நின்னு நடத்தினவர் லிண்ட்சே கிரேசன்.

அந்த 21, 42 ரெண்டையும் இன்னொரு தடவை பாருங்க. படிச்ச டாக்டர், நர்ஸ் இருக்கிற ஆஸ்பத்திரியிலேயே நிலைமை அதுதான். நூத்துக்கு நூறு யாருமே இல்லை. அந்த ஆய்வைப் படிக்கும்போது நான் பாதி ராத்திரியில என் நடிப்பைத்தான் நினைச்சுட்டு இருந்தேன். எண்ணிக்கை எடுக்கிறவர் என் காரிடார்ல நின்னிருந்தா, என்னை 'பண்ணினவன்' கட்டத்துலதான் டிக் அடிச்சிருப்பார்.

வெடிச்ச தோல்ல இன்னொரு வில்லங்கமும் இருக்கு. நல்ல தோலைவிட வெடிச்ச தோல்ல ஸ்டாஃபிலோகாக்கஸ் மாதிரிக் கிருமிகள் சுலபமா குடியேறிடும். கழுவினாலும் முழுசா போறதில்லை. அதாவது சுத்தம் சுத்தம்னு தேய்ச்சுத் தேய்ச்சு, கடைசியில கை அசுத்தமாவே ஆயிடுது. என் கை எனக்கு மட்டும் வலிக்கிற விஷயமா இருந்திருந்தா இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

நம்ம ஊர்ப் பழக்கம் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். எரிஞ்சாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு நம்மளை வளர்த்திருக்காங்க. முட்டி பேந்தா டெட்டால், அது சுர்ருன்னு ஏறணும், "கிருமி சாகுது, பொறுத்துக்கோ"ன்னு சொல்லணும். எரியலைன்னா டெட்டால்ல தண்ணி கலந்துட்டாங்கன்னு சந்தேகப்படுவோம். இந்த நம்பிக்கையோட உச்சக்கட்டம் நடந்தது எங்க ஊர்லதான். 2020 ஏப்ரல் ஆரம்பத்துல தென்னம்பாளையம் உழவர் சந்தை வாசல்ல கிருமிநாசினிச் சுரங்கம்னு ஒண்ணு வெச்சாங்க. காய் வாங்க வர்றவங்க கையைத் தூக்கிட்டு நடந்து போகணும், மேல சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைப் பனி மாதிரி தெளிப்பாங்க. டிவியில எல்லாம் காட்டினாங்க, திருப்பூர்க்காரன்னு எனக்குக்கூட அப்ப கொஞ்சம் பெருமை. பார்த்துட்டு மத்த ஊர்கள்லயும் வெச்சாங்க. அந்த மாசமே தமிழ்நாட்டு பொது சுகாதாரத் துறை வேண்டாம்னு சொல்ல, ஏப்ரல் 18-ந் தேதி மத்திய சுகாதார அமைச்சகமும் ஆள் மேல தெளிக்காதீங்க, தோலும் கண்ணும்தான் கெடும், வைரஸ் உள்ள இருந்தா இது ஒண்ணும் பண்ணாதுன்னு அறிவிச்சது. தரையைத் துடைக்கிற சமாச்சாரத்தை மனுஷன் மேல அடிச்சா இன்னும் சுத்தம்னு தோணினது, டெட்டால் எரிஞ்சாத்தான் திருப்தின்னு நினைக்கிற அதே புத்திதான்.

இங்கயும் ஒழுங்குன்னு நினைக்காதீங்க. 2020-ல சானிடைசருக்கு அடிச்சுக்கிட்டப்போ ஹீல்ஸ்வில்ல ஜின் காய்ச்சற ஃபோர் பில்லர்ஸ்காரங்க சானிடைசர் பண்ணி வித்தாங்க, அது நல்ல கதை. இன்னொரு பக்கம் மொசைக் பிராண்ட்ஸ்ங்கிற துணிக்கடைக் கம்பெனி வித்த ஒரு பாட்டில்ல 70 சதவீதம் ஆல்கஹால்னு போட்டுட்டு, சோதிச்சா 17 சதவீதம். அது சம்பந்தமா நுகர்வோர் ஆணையம் 6,30,000 டாலர் அபராதம் கட்ட வெச்சது. குறைஞ்சது 60 சதவீதமாவது இருந்தாத்தான் கிருமி சாகும். அதுக்காக 100 சதவீதமா இருந்தா சூப்பர்னு இல்லை, கிருமியோட புரதத்தைக் குலைக்கத் தண்ணியும் கொஞ்சம் வேணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விவரம் ஒண்ணு. உலக சுகாதார நிறுவனத்தோட ஃபார்முலா தெரியுமா? 80 சதவீதம் எத்தனால், 0.125 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடு, அப்புறம் 1.45 சதவீதம் கிளிசரால். நம்ம ஊர்ல உதடு வெடிச்சா தடவற அதே கிளிசரின்தான். கிருமியைக் கொல்றதுல அதுக்குப் பங்கே கிடையாது. கைக்காக மட்டும்தான் அது உள்ள இருக்கு. உலகத்துல எங்க வேணும்னாலும் மலிவா தயாரிக்கணும்னு எழுதின நாலே பொருள் உள்ள ஒரு செய்முறையில, தேய்க்கிறவனோட தோலுக்காக ஒரு இடத்தை ஒதுக்கியிருக்காங்க. 2020-ல இந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் இதே அளவுகளைத்தான் அனுமதிச்சது.

இதைப் படிச்சப்புறம்தான் எனக்கு கோபமே வந்தது. ஃபார்முலா எழுதினவங்களுக்குத் தோணினது, காரிடார்ல பம்ப் மாட்டினவங்களுக்கு ஏன் தோணலை? சுவர் முழுக்க சானிடைசர் இருக்கு. தேய்க்கிற முறையைப் படம் போட்டு ஒட்டியிருக்கு. கிரீம் எங்க? நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்குப் பார்த்த டிரெய்னிங் வீடியோவுல கிரீம்ங்கிற வார்த்தையே வரலை. ஒரு நாள்ல 2 மணி நேரத்துக்கு மேல கை ஈரத்துல இருந்தாலோ, 20 தடவைக்கு மேல கழுவினாலோ தோல் மருத்துவத்துல அதுக்கு ஈர வேலைன்னு தனிப் பேரே வெச்சிருக்காங்க. அப்படிப்பட்ட வேலைக்கு ஆள் எடுக்கிறவங்க கிரீமை உன் சொந்த அழகு சாதனம் மாதிரி நீயே வாங்கிக்கோன்னு விடறது என்னைப் பொறுத்தவரை தப்பு. பாத்திரம் கழுவ ஸ்பாஞ்ச் நீயே வாங்கிட்டு வான்னு சொல்வாங்களா?

இங்க சூப்பர் மார்க்கெட்ல சோர்போலீன்னு ஒரு கிரீம் இருக்கு. 10 சதவீதம் கிளிசரின், வாசனை இல்லை, ஒரு லிட்டர் பம்ப் பாட்டில். ஆஸ்திரேலியர்கள் வீட்டுல பாத்ரூமுக்கு பாத்ரூம் இருக்கும். சானிடைசர் பாட்டில் பக்கத்துல அதை மாட்டறதுக்கு ஒரு ஸ்க்ரூ போதும்.

வாசனை இல்லாதது முக்கியம். ஏன்னா வாசனையும் பிரிசர்வேட்டிவும்தான் நிஜ அலர்ஜி தர்ற ஆட்கள். பேபி வைப்ஸ் கதை தெரியுமோ? மெத்தில்ஐசோதையாசோலினோன்னு வாயில நுழையாத ஒரு பிரிசர்வேட்டிவ். குழந்தையைத் துடைச்சுத் துடைச்சு அம்மாக்களோட கையெல்லாம் வெடிச்சது. இங்க மெல்போர்ன்ல தொழில் சார்ந்த தோல் நோய்களைப் பார்க்கிற ரோஸ்மேரி நிக்சன் குழுவினர் 2013, 2014 வாக்குல இதைப் பத்தி எழுதினாங்க. 'மென்மையானது'ன்னு அட்டையில போட்டிருக்கிற பொருளுக்கே இந்தக் கதி. நம்ம மக்கள் கைப்பையில வெச்சிருக்கிற ஸ்ட்ராபெரி வாசனை ஜெல்லைப் பார்த்தா எனக்கு இப்பல்லாம் பயமா இருக்கு.

அம்மாகிட்ட வீடியோ கால்ல கையைக் காட்டினது தப்பாப் போச்சு. "ஏங்கண்ணு, கை ஏன் இப்புடி ஆயிப்போச்சு? சாயப்பட்டறைக்குப் போற உங்க மாமன் கையாட்டவே இருக்குது!" மாமா ரொம்ப வருஷம் சாயப்பட்டறையில இருந்தவர். அவர் உள்ளங்கை எப்பவும் நீலமோ சிவப்போ, விரல் மடிப்பெல்லாம் வெடிப்பு. ராத்திரி தேங்காண்ணெய் தடவிட்டு அப்படியே படுத்துடுவார். அவர் யார்கிட்டயும் அதை ஒரு காயம்னு சொன்னதே இல்லை. சொல்லணும்னு தோணியிருக்கவும் தோணியிருக்காது. "தேங்காண்ணெ தடவு சாமி"ன்னு எனக்கும் அதே வைத்தியம்தான். (ராத்திரி தடவிக்கிறதுல தப்பில்லை. ஆனா வேலை நேரத்துல எண்ணெய்க் கையோட லேடெக்ஸ் கிளவுஸ் போட்டா கிளவுஸ் இளகிடும். நைட்ரைல்னா பரவாயில்லை.)

டாக்டர்கிட்ட போனேன். அலர்ஜி இல்லை, எரிச்சலால வந்த தோல் அழற்சின்னு சொல்லி ஒரு ஸ்டீராய்டு களிம்பு கொடுத்தார். அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் எனக்கு ஷாக். "வேலையால வந்ததுதானே? ஒர்க்கவர் சர்டிஃபிகேட் வேணுமா?" விக்டோரியாவுல கேஷுவலா இருந்தாலும், ஸ்டூடண்ட் விசாவா இருந்தாலும், வேலையால வந்த காயம்னா இன்சூரன்ஸ் உண்டு. 2004-ஆம் வருஷச் சட்டப்படி முடிஞ்சவரைக்கும் பாதுகாப்பான வேலையிடம் தர்றது முதலாளியோட கடமை. இயந்திரத்துல விரல் மாட்டினா மட்டும்தான் காயம்னு இல்லை, கை வெடிச்சாலும் காயம்தான்.

வாங்கினேனான்னு கேட்காதீங்க. வாங்கலை. ஒரு செமஸ்டர் பாக்கி இருக்கு, ரெஃபரன்ஸ் வேணும், ஆயிரம் கணக்கு ஓடுது மண்டைக்குள்ள. உரிமைக்கும் ரோஸ்டருக்கும் நடுவுல இருக்கிற தூரம் சட்டப் புத்தகத்துல தெரியாது. ஆனா அக்கா விடலை. இன்சிடென்ட் புக்குல எழுதுன்னு பக்கத்துலயே நின்னாங்க. எழுதினேன். தேதி, நேரம், 'ரெண்டு கையிலயும் தோல் வெடிப்பு, காரணம்: கழுவுதல்'. நேபாளிப் பையனும் கீழ எழுதினான். அப்புறம் லாண்டரியில இருக்கிற ரெண்டு பேர் வந்து எழுதினாங்க. அவங்க கையையும் நாங்க அதுவரைக்கும் பார்த்ததில்லை.

பத்து நாள் என்னை சாப்பாட்டுப் பக்கம் விடலை. ஸ்டோர்ல பெட்டி அடுக்கினேன், மணி நேரம் கொஞ்சம் குறைஞ்சது, அந்த வாரம் பருப்பு சாதம்தான். கை ஆறிடுச்சு. இப்ப காரிடார்ல கை காய்ஞ்சிருந்தா மட்டும் ஆல்கஹால், அதுவும் உலர்ற வரைக்கும் முழுசா தேய்க்கிறேன். வெதுவெதுப்பான தண்ணி, வெந்நீர் இல்லை. துடைக்கும்போது ஒத்தி எடுக்கிறேன். பாத்திரம் கழுவ நீளக் கிளவுஸ். பிரேக்குக்கு ஒரு தடவை சோர்போலீன், விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம். ஸ்பூன் பிடிக்கிற பாட்டி இருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்க. அவங்க ரூம் வாசல்ல இப்பவும் ஒரு செகண்ட் நின்னுட்டுத்தான் உள்ள போறேன்.

கிரீம் பம்பும் வந்துடுச்சு மக்களே. மொத்தக் கட்டடத்துக்கும் ஒண்ணே ஒண்ணு. மேனேஜர் ரூம் வாசல்ல மாட்டியிருக்காங்க.